ஜார்ஜியாவின் மரானி: மரபு ஒயின் கூடத்தைக் காத்து, காண வருவோருக்குத் திறந்துவிடும் முறை

கருங்கடலுக்கும் காக்கசஸ் மலைகளுக்கும் இடையில் இருக்கும் ஜார்ஜியாவில், அதிலும் கிழக்கேயுள்ள ககேதி வட்டாரத்தில், ஊர்ப்புற வீடுகள் பலவற்றில் மரானி என்னும் ஒயின் கூடம் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதன் தரையில் க்வெவ்ரி எனப்படும் சுடுமண் கலங்களைக் கழுத்துவரை புதைத்து வைத்திருப்பார்கள். அடி கூம்பி, வயிறு அகன்று, நம்முடைய முதுமக்கள் தாழியை நினைவூட்டும் இந்தக் கலங்களில் சிறியவை சில பத்து லிட்டரே கொள்ளும். பெரியவை பல ஆயிரம் லிட்டர் கொள்ளும். பிழிந்த திராட்சைச் சாற்றைத் தோல், விதை, காம்பு ஆகியவற்றோடு சேர்த்தே இவற்றில் ஊற்றி, நொதிக்க விட்டு, வாயை மண்ணிட்டு அடைத்து, ஐந்தாறு மாதம் கழித்து வசந்த காலத்தில் திறப்பது ககேதி வழக்கம். யுனெஸ்கோ 2013-ஆம் ஆண்டில் மனித குலத்தின் பொருள்சாராப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் இதைச் சேர்த்த பிறகு, தொழிற்சாலைகளையும் பெரிய தோட்டங்களையும் மட்டும் பார்த்துவந்த பயணிகள் வீட்டு மரானிகளையும் தேடி வரத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு மரானியைக் கையில் வைத்திருக்கும் குடும்பத்துக்கோ, ஊரின் பழைய கூடம் ஒன்றைச் சீர்செய்து திறக்க நினைக்கும் குழுவுக்கோ, அவர்களோடு சேர்ந்து பயணங்களை ஒழுங்கு செய்பவர்களுக்கோ உதவும்படி இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றிருப்பது ஒயின் செய்யும் முறைதான் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் திராட்சை விழாத க்வெவ்ரி, எவ்வளவு அழகாக விளக்குப் போட்டுக் காட்டினாலும், வெறும் பெரிய பானைதான். ஆகவே இனி வரும் யோசனைகள் அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: வருவோருக்காக வேலையை மாற்றக் கூடாது, வேலை நடக்கும் போக்கில் வருவோரை அழைத்துச் செல்ல வேண்டும்.

முதலில் பதிவேடு

கதவைத் திறப்பதற்கு முன் ஓராண்டாவது பதிவுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு க்வெவ்ரிக்கும் ஓர் எண் கொடுத்து, அதன் கொள்ளளவு, எந்த ஊர்க் குயவரிடமிருந்து வந்தது, எப்போது புதைக்கப்பட்டது, எங்கே விரிசல் கண்டது, எப்போது உட்புறம் தேன்மெழுகு பூசப்பட்டது, கடைசியாக எந்தத் திராட்சை அதில் நொதித்தது என்பவற்றை எழுதிவையுங்கள். வீட்டின் மூத்தவர்களுக்கு இவை அனைத்தும் வாய்ப்பாடமாக இருக்கும். பிள்ளைகள் தலைநகர் திபிலிசிக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் அந்த மூத்தவர்களோடு சேர்ந்து இந்தச் செய்திகளும் போய்விடும் என்பதால், பழுதுபார்ப்பு வேலைகளைவிட இது அவசரமானது.

மூத்தவர்களை நாற்காலியில் அமர்த்திக் கேள்வி கேட்டால் பொதுவான பதில்களே கிடைக்கும். அவர்கள் கலத்தைக் கழுவும்போதும், நொதிக்கும் சாற்றைக் கோலால் கிளறும்போதும், மூடியைச் சுற்றி மண் பூசும்போதும் பக்கத்தில் நின்று ஒலி, ஒளிப் பதிவு செய்யுங்கள். கை எந்த இடத்தில் நிற்கிறது, எந்த மணத்துக்கு முகம் சுளிக்கிறது, நுரையின் எந்த ஓசையைக் கேட்டு ‘இன்னும் ஒரு நாள் போகட்டும்’ என்கிறார்கள் என்பவையெல்லாம் அப்போதுதான் வெளிவரும். ஓர் ஆண்டின் எல்லா வேலைகளும் இப்படிப் பதிவாகிவிட்டால், பிற்பாடு பார்வையாளருக்குச் சொல்ல வேண்டிய உரை தானாகவே அதிலிருந்து எழும்.

கொடிகளையும் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். ஜார்ஜியாவுக்கே உரிய திராட்சை வகைகள் ஐந்நூறுக்கும் மேல் எனக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. சோவியத் காலத்தின் தொழிற்சாலை உற்பத்தியோ வெள்ளையில் ர்கத்சிதேலி, கருப்பில் சபெராவி போன்ற சில வகைகளையே பெருக்கியது. போதாக்குறைக்கு 1985-இல் கோர்பச்சோவ் தொடங்கிய மது எதிர்ப்பு நடவடிக்கையில் தோட்டங்கள் பல அழிக்கப்பட்டன. அவற்றுக்குத் தப்பிய அரிய கொடி ஒன்று உங்கள் வீட்டுப் பந்தலில் பெயர் மறந்த நிலையில் படர்ந்திருக்கக்கூடும். ம்த்ஸ்கேதாவுக்கு அருகே ஜிகௌராவில் உள்ள அரசு ஆய்வுப் பண்ணையில் நாட்டு வகைகள் நூற்றுக்கணக்கில் சேகரித்து வளர்க்கப்படுகின்றன. ஐயமுள்ள கொடியின் இலையையும் குலையையும் வல்லுநர்களிடம் காட்டி அடையாளம் தெரிந்துகொண்ட பிறகே அதற்குப் பெயர்ப்பலகை வையுங்கள்.

கலங்களைச் சீர்செய்தல்

பழைய கூடங்களில் நடக்கும் பெருந்தவறு, பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று நல்ல நிலையில் உள்ள க்வெவ்ரியைத் தோண்டி எடுத்து முற்றத்தில் நிறுத்திவைப்பதுதான். பல பத்தாண்டுகள் மண்ணின் அணைப்பிலேயே இருந்த கலம், வெளியே எடுக்கும்போது தன் எடையாலேயே பிளந்துவிடலாம். மேலும் மண்ணுக்குள் இருப்பதுதான் அதன் பயன்: ஆண்டு முழுவதும் பெரிதாக ஏறி இறங்காத குளிர்ச்சியை நிலம் தருகிறது, நொதிக்கும்போது எழும் வெப்பத்தையும் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது. முழு உருவத்தைக் காட்ட வேண்டுமானால், ஏற்கனவே உடைந்து பயனற்றுப்போன கலம் ஒன்றை வாங்கி, நெடுக்கில் பாதி வெட்டி நிறுத்துங்கள். கூம்பிய அடியில் முதலில் விதைகள் இறங்கித் தங்குவதையும், அவற்றின் மேல் வண்டல் படிந்து மூடுவதையும், அதனால் கசப்பு மிகுந்த விதைகளோடு ஒயினுக்குத் தொடர்பு குறைவதையும் அந்த அரைக்கலத்தை வைத்து ஒரு நிமிடத்தில் விளக்கிவிடலாம். எவ்வளவு பெரிய படம் மாட்டினாலும் இவ்வளவு தெளிவு வராது.

புதிதாகக் கலம் தேவைப்பட்டால் குயவரிடமே நேரில் செல்லுங்கள். ககேதியில் வர்திசுபானி, மேற்கு வட்டாரமான இமெரேதியில் ஷ்ரோஷா, மகதுபானி ஆகிய ஊர்களில் இத்தொழில் குடும்பம் குடும்பமாக நடந்துவருகிறது. சக்கரம் இல்லாமல், களிமண்ணைத் திரியாக உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி, கீழ் அடுக்கு தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகே மேல் அடுக்கை ஏற்றுவார்கள். ஆகவே ஒரு பெரிய கலம் உருவாக வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். பிறகு சூளை வாயைச் செங்கல்லால் அடைத்துப் பல நாள் விறகிட்டுச் சுட்டு, சூடு முழுதும் ஆறுமுன்னே உட்புறத்தில் தேன்மெழுகைத் தடவுவார்கள். மெழுகு நுண்துளைகளைக் குறைக்கும் அளவுக்கு மெல்லிய பூச்சாகவே இருக்க வேண்டும். தடித்துப் படிந்தால் கழுவும்போது உரிந்து, அடியில் அழுக்குத் தங்க வழி வைக்கும். க்வெவ்ரிக்கு 2021-இல் ஜார்ஜிய அரசு புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு அளித்திருக்கிறது. உங்கள் பார்வையாளரை அடுத்த நிறுத்தமாகக் குயவர் வீட்டுக்கு அனுப்பிவைத்து, அங்கேயும் நுழைவுக் கட்டணம் கிடைக்க வழி செய்தால், அந்தச் சூளைகள் அணையாமல் இருக்கும். குயவர் இல்லாத ஊரில் மரானியை மட்டும் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுவது வீண்.

கழுவுவதைக் காட்டுங்கள்

பார்வையாளருக்கு எதைக் காட்டலாம் என்று கேட்டால், பெரும்பாலோர் சுவைப்பையும் விருந்தையும்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கலம் கழுவும் வேலைக்கே முதலிடம் தருவேன். க்வெவ்ரி ஒயின் நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் அந்த வேலையில்தான் தீர்மானமாகிறது. சுரண்டும் ஓசை, கந்தகப் புகை, எட்டிப் பார்த்தால் தெரியும் ஈர இருட்டு எனக் கண்ணுக்கும் காதுக்கும் மூக்குக்கும் அதில் வேலை உண்டு.

ஒயினை வெளியே எடுத்த பின் அடியில் எஞ்சும் தோலும் விதையும் காம்பும் சேர்ந்த சக்கைக்குச் சாச்சா என்று பெயர்; அதை வடித்து எடுக்கும் கடுமையான சாராயத்துக்கும் அதே பெயர்தான். சக்கையை அகற்றியதும் கலத்தைத் தண்ணீரால் அலசி, சாம்பல் நீரோ சுண்ணாம்பு நீரோ விட்டு, செர்ரி மரப்பட்டைத் துண்டுகளை அடுக்கி நீண்ட கழியில் கட்டிய தேய்ப்பானால் சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். உலர்ந்த மூலிகைச் செடியைக் கட்டிச் செய்த தூரிகைகளும் உண்டு. அழுக்கு நீரைச் சுரைக்குடுவையைக் கழியில் பொருத்திய ஓர்ஷிமோ என்னும் அகப்பையால் முகந்து வெளியே ஊற்றி, புது நீர் விட்டு, நீர் தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, கடைசியாக உள்ளே கந்தகத் திரியை எரித்து மூடிவைப்பார்கள். இதில் தேய்ப்பதையும் முகப்பதையும் பார்வையாளர் கையில் கொடுக்கலாம். அதற்கென்றே சிறிய க்வெவ்ரி ஒன்றை ஒதுக்கிவிட்டால், ஒயினுக்கான கலங்களில் அயலார் கை படாது. கழியைப் பிடித்துப் பத்து நிமிடம் தேய்த்தவர், பிற்பாடு கோப்பையைக் கையில் எடுக்கும்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

கழுவும் கருவிகளை விலைக்கு வாங்கிச் சுவரில் மாட்டுவதைவிட, தேய்ந்துபோனவற்றைத் தேதியோடு ஒரு மூலையில் தொங்கவிட்டு, புதியதைச் செய்யத் தெரிந்தவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்து எல்லோர் முன்னிலையிலும் கட்டச் சொல்லுங்கள்.

உயிர்ப் பாதுகாப்பு

அழகிய கையேடுகள் பலவும் சொல்லாமல் கடந்துவிடும் பகுதி இது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது கரியமில வாயு பெருமளவில் வெளியேறுகிறது. நன்கு பழுத்த திராட்சையின் சாறு ஒரு லிட்டரிலிருந்து நாற்பது லிட்டருக்கும் மேல் வாயு எழும். ஆயிரம் லிட்டர் க்வெவ்ரி ஒன்று நொதித்து முடிவதற்குள் நாற்பது கன மீட்டர், அதாவது நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையை முழுதாக நிரப்பும் அளவு வாயு வெளிவந்திருக்கும். காற்றைவிடக் கனமான இவ்வாயு தரையை ஒட்டித் தேங்கும். பக்கத்தில் உள்ள காலிக் கலங்களுக்குள்ளும் இறங்கி நிற்கும். குனிந்து எட்டிப் பார்க்கும் பெரியவருக்கும், தரைமட்டத்தில் ஓடியாடும் குழந்தைக்கும் ஆபத்து மிகுதி.

ஆகவே செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்துவைத்து, தரையோரத்தில் காற்று வெளியேறும் திறப்போ விசிறியோ அமைத்து, வாயு அளவுமானி ஒன்றை முழங்கால் உயரத்தில் பொருத்துங்கள். மெழுகுவர்த்தியை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை வரலாறாகச் சொல்லலாமே தவிர நம்பக் கூடாது. சுடர் அணைவதற்கு முன்பே வாயு மனிதருக்குத் தீங்கான அளவை எட்டிவிடும். பெரிய கலத்துக்குள் இறங்கிக் கழுவும் வேலையில் மேலே ஒருவர் கயிற்றோடு நிற்காமல் எவரும் இறங்கக் கூடாது. பார்வையாளர் எக்காரணத்தாலும் இறங்கக் கூடாது. தரையோடு தரையாக வாய் திறந்திருக்கும் கலங்களுக்கு, ஆள் மிதித்தாலும் தாங்கும் மரமூடியோ இரும்புச் சட்டமோ எப்போதும் இருக்க வேண்டும்.

ஆண்டின் நாட்காட்டி

செப்டம்பர் முதல் அக்டோபர் வரை ககேதியில் ர்த்வெலி என்னும் அறுவடை நடக்கும். மேற்கே இமெரேதியில் அது பெரும்பாலும் பின்தள்ளிப் போகும். கூட்டம் அதிகம் வருவதும் இப்போதுதான், வீட்டாருக்கு ஓய்வில்லாததும் இப்போதுதான். காலையில் சில வரிசைக் கொடிகளை மட்டும் விருந்தினர் பறிக்க விடுங்கள். அடிமரத்தைக் குடைந்து செய்த சத்ஸ்னஹேலி என்னும் மிதிதொட்டியில், கால்களைக் கழுவிய பிறகு, அவர்களும் மிதிக்கலாம். நொதிக்கும் நாட்களில் மேலே மிதந்து எழும் தோல் படலத்தை நாளுக்கு மூன்று நான்கு முறை கோலால் அழுத்தி மூழ்கடிக்க வேண்டும். அந்த வேளைகளை முன்பே அறிவித்துவிட்டால், தனியே காட்சி எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் கலங்கள் மூடிக் கிடக்கும். வருவோர் கேட்டார்கள் என்பதற்காக நடுவில் ஒருமுறை திறந்து காட்டினால் காற்றுப் புகுந்து ஒயின் புளிக்கத் தொடங்கும். மறுத்துவிடுங்கள், மறுப்பதற்கான காரணத்தையும் சொல்லுங்கள். மூடியின் மேல் குவித்த மண்ணைக் காட்டி, அதன் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பதிவேட்டையும் அரைக்கலத்தையும் கொண்டு விளக்குவதே குளிர்கால நிகழ்ச்சி. மார்ச், ஏப்ரலில் கலம் திறக்கும் நாளை அழைப்பு விருந்தாக ஆக்கலாம். திபிலிசியில் மே மாதம் நடக்கும் புது ஒயின் விழாவுக்கு வருவோரில் பலர் அப்படியே ககேதிக்கும் பயணப்படுவார்கள். கோடையில் கழுவும் வேலை.

என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது

ஒவ்வொரு மரானியிலும் ‘எட்டாயிரம் ஆண்டு மரபு’ என்ற சொற்றொடர் காதில் விழும். அதற்கு அடிப்படை உண்டு. திபிலிசிக்குத் தெற்கே கதச்ரிலி கோரா, ஷுலவெரிஸ் கோரா என்னும் புதிய கற்கால மேடுகளில் கிடைத்த பானை ஓடுகளில் திராட்சை ஒயினுக்குரிய டார்டாரிக் அமிலம் உள்ளிட்ட எச்சங்கள் இருப்பதாகவும், அவை பொ.ஆ.மு. 6000 முதல் 5800 வரையிலான காலத்தைச் சேர்ந்தவை என்றும் 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு பழமையான காலத்திலிருந்தே இந்த நிலத்தில் ஒயின் இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் இன்று காணும் பெரிய புதைகலமும் இன்றைய முறையும் அப்படியே எட்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்கின்றன என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். அதேபோல், நாட்டின் மொத்த ஒயின் உற்பத்தியில் க்வெவ்ரியில் உருவாவது சிறு பங்கே என்பதையும், தோல்களோடு நீண்ட காலம் கிடப்பதால்தான் வெள்ளைத் திராட்சையின் ஒயின் அம்பர் எனப்படும் பொன்பழுப்பு நிறம் பெறுகிறது என்பதையும், இமெரேதி வழக்கத்தில் காம்பைத் தவிர்த்து, தோலிலும் ஒரு பகுதியையே சேர்ப்பதால் அங்கே நிறமும் துவர்ப்பும் மென்மையாக இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். வேறுபாட்டை எடுத்துக் காட்டும் விளக்கத்தைப் பார்வையாளர் நம்புவார்கள்.

உங்கள் வீட்டுக் கதையைப் பொதுவரலாற்றோடு இணைக்கும் புள்ளிகள் வேறு சிலவும் உண்டு. புனித நினோ கொடிமுந்திரித் தண்டால் கட்டிய சிலுவையோடு வந்து கிறித்துவத்தைப் பரப்பினார் என்பது ஜார்ஜியரின் நம்பிக்கை. மரானியை வீட்டின் புனிதமான இடமாகக் கருதும் வழக்கம் அதிலிருந்து தனியானதன்று. ககேதியின் அலவெர்தி மடத்தில் துறவிகள் 2006-இல் க்வெவ்ரி முறையை மீண்டும் தொடங்கினார்கள். அதே ஆண்டில்தான் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை விதித்தது. 2013 வரை நீடித்த அந்தத் தடை, மலிவான பெருஉற்பத்தியை நம்பியிருந்த துறையைத் தரத்தையும் தனித்தன்மையையும் நாட வைத்தது. தெற்கே வர்ட்ஸியா குகை நகரத்தில் பாறையைக் குடைந்து அமைத்த ஒயின் அறைகளை முன்பே பார்த்துவிட்டு வரும் பயணிக்கு, உங்கள் கூடம் அதன் உயிருள்ள வடிவமாகத் தோன்றும்.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடியடியில் ஒரு செய்தி, மிதிதொட்டியருகே ஒரு செய்தி, கலத்தின் வாயருகே ஒரு செய்தி எனப் பிரித்துக்கொள்ளுங்கள். சுவர்ப்பலகைகள் குறைவாக இருக்கட்டும். குழு பத்துப் பேருக்கு மேல் போகாமல் இருந்தால் பலகையே தேவைப்படாது.

சுவைப்பும் மேசையும்

சுவைப்புக்கு மூன்று ஒயின் போதும்: ஒரே வகைத் திராட்சையை ககேதி முறையில் ஒன்றும், தோலில்லாமல் ஒன்றும் வைத்து ஒப்பிட விட்டு, மூன்றாவதாகச் சபெராவி தரலாம். அம்பர் ஒயினை மிகவும் குளிரவைத்தால் துவர்ப்பு மட்டுமே நாவில் நிற்கும். நிலவறைக் குளிர்ச்சியே ஏற்றது. கூடவே தோனே அடுப்பில் சுட்ட ரொட்டி, பாலாடைக்கட்டி, வால்நட் வையுங்கள். மது அருந்தாதவர், வண்டி ஓட்டுபவர், சிறுவர் ஆகியோரை ஒதுக்கி உட்காரவைப்பது விருந்தோம்பல் ஆகாது. அறுவடைக் காலத்தில் புதுச் சாறும், மற்ற நாட்களில் திராட்சைச் சாற்றை மாவோடு காய்ச்சிச் செய்யும் பெலமுஷியும், அந்தக் கூழில் கோத்த வால்நட் சரத்தைத் தோய்த்து உலர்த்திய சுர்ச்ஹேலாவும் அவர்களுக்கும் அந்த மரபின் பங்கைக் கொடுத்துவிடும்.

சுப்ரா என்னும் விருந்தில் தமாதா எனப்படும் விருந்துத் தலைவர் வாழ்த்துரை சொல்லிக் கோப்பை உயர்த்துவார். அதை நாடகமாக்கி, பாட்டுக்குழுவை வாடகைக்கு அமர்த்தி, வேளைக்கு மூன்று முறை நடத்தும் இடங்கள் பெருகிவிட்டன. வீட்டில் பாடத் தெரிந்தவர் இருந்தால் பாடட்டும். இல்லையென்றால் மூன்று உண்மையான வாழ்த்துரைகள் போதும், அவற்றில் இறந்த முன்னோருக்கான ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

புட்டிகளை விற்பதாக இருந்தால், ஒட்டும் சீட்டில் பதிவேட்டின் க்வெவ்ரி எண், திராட்சை வகை, கொடி நிற்கும் ஊர், சாறு தோலோடு கிடந்த நாட்கள், கலம் திறந்த தேதி ஆகியவற்றை அச்சிடுங்கள். ஓராண்டு கழித்து அதே பயணி கடிதம் எழுதி ஏழாம் எண் கலம் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டால், பதில் எழுதும் வேலையை வீட்டின் இளையவரிடம் கொடுங்கள். பதிலுக்காக அவர் பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும், புரியாத இடத்தில் மூத்தவரைக் கேட்க வேண்டியிருக்கும்.